அம்மா வீட்டில் கை நனைக்காத விசுவாசம்

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"நாங்கள் சைவக் குடும்பம். மேசன் வேலை செய்யும் என் தம்பி மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தான். குடியை விட்டான், அதற்கு நன்றி. ஆனால் அன்றிலிருந்து அம்மா சமைத்ததை அவன் தொடுவதில்லை. படலையடியில் நின்று கதைத்துவிட்டுப் போய்விடுகிறான். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வரவில்லை. சபைக்குத் தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தவறாமல் கொடுக்கிறான். அம்மாவுக்கு கிளினிக்கில் கிடைக்காத குளிசைகளை வெளியில் வாங்குவது நான்தான். இறுதிப் போரில் அண்ணாவை இழந்தோம். அதுவும் விக்கிரகங்களைக் கும்பிட்டதற்குக் கிடைத்த தண்டனை என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னான். இப்போது அவன் வருகிறான் என்று தெரிந்தாலே அம்மா சாமியறைக் கதவைச் சாத்திவிடுகிறார். நீங்கள் வேதக்காரர். சொல்லுங்கள், இதுதானா உங்கள் வேதம்?"

இல்லை, மகள். இது எங்கள் வேதம் இல்லை.

ஆனால் என் ஒரு சொல் உங்களுக்குப் போதாது. உங்கள் தம்பியின் கையில் வசனங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒன்று சொன்னால் அவர் மூன்று வசனம் சொல்வார். ஆகவே அவருடைய வேதாகமத்தைத் திறந்தே பேசுகிறேன். என் பாட்டனார் காலத்திலிருந்து நாங்கள் கிறிஸ்தவர்கள். கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளில் படிப்பித்தேன். போதகர் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பிரசங்கமும் செய்திருக்கிறேன். நான் எழுதுவதை அவர் ஏற்காமல் போகலாம். வசனத்தைத் தட்டிக்கழிப்பது அவருக்கு அவ்வளவு எளிதாக இராது.

முதலில் அந்தச் சாத்திய கதவைப் பற்றி. உங்கள் கேள்வியில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வரி அதுதான்.

பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், காலத்தில் சைவர்கள் விரதச் சோறு உண்ட வாழையிலையை வெளியே எறியப் பயந்து, கூரையில் செருகி மறைத்தார்கள் என்று எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒல்லாந்தர் வந்த பிறகு ஒளிக்க வேண்டிய முறை கத்தோலிக்கருக்கும் வந்தது. மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வன்னிக் காட்டுக்குள் ஓடியதாகவும், 1670 அளவில் அது மருதமடுவுக்கு வந்து சேர்ந்ததாகவும் மரபு. இன்று நாம் மடு என்று சொல்கிற இடம் அப்படித்தான் உண்டானது. அதே ஒல்லாந்தர் ஆட்சியில், உத்தியோகம் வேண்டுமென்றால், கலியாணத்தைப் பதிய வேண்டுமென்றால், சைவர்களும் அவர்களுடைய திருச்சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டியிருந்தது. பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டுக்குள் விபூதி. இப்படி ஒளித்து ஒளித்துக் கும்பிட்ட சனங்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள் எல்லோரும், எந்தச் சமயமாக இருந்தாலும். இந்த மண்ணில் ஒரு தாய் தன் சொந்த மகனுக்குப் பயந்து சாமியறைக் கதவைச் சாத்துகிறார் என்றால், அந்த மகன் தன்னை அறியாமலே கூரையில் இலை தேடிய அதிகாரியின் இடத்தில் போய் நிற்கிறார். அவருக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். அவருடைய போதகரே சொல்லியிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு கதவைச் சாத்த வைத்தவன்.

2009ஆம் ஆண்டு மாசி மாதம் மாத்தளனில் இருந்தோம். கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினால் இரவுக்குள் சரிந்துவிடும். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்து, கையால் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள். எங்கள் குழியை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டோம். அவர்கள் சைவர்கள். அந்த வீட்டு ஆச்சி தன் கூறைச் சேலையைக் கொண்டுவந்து, தானே கத்தரிக்கோலால் வெட்டி மூட்டையாகத் தைத்தார். அரக்குச் சிவப்பு. சரிகைக் கரை குழியின் உட்பக்கம் பார்த்தபடி இருந்தது. இரவில் டோர்ச் அடித்தால் என் பிள்ளைகளின் தலைக்கு மேலே அது மினுங்கும்.

செல் விழத் தொடங்கினால் ஆச்சி சத்தமாகக் கூப்பிடுவார். முருகா என்பார், அம்மாளாச்சி என்பார், மடு மாதாவே என்பார், யேசுவே என்பார். வாயில் வந்த எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு இரவு, செல் ஓய்ந்த நேரத்தில், பெரிய மனிதனாக அவரிடம் சொன்னேன்: "ஆச்சி, இரண்டு தோணியில் கால் வைக்கக் கூடாது. யாராவது ஒரு தெய்வத்தைக் கூப்பிடுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை செல் விழுந்தபோது அவருடைய வாய் மூடியே இருந்தது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் முன்னால் அவர் வாய்விட்டுக் கும்பிடவே இல்லை. என் பிள்ளைகளைக் காத்துக்கொண்டிருந்தது அவருடைய கலியாணச் சேலை. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு நான் அவருக்குக் கடவுளைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

2009 ஏப்ரல் 20ஆம் திகதி படையினர் மாத்தளன் மண் அணையை உடைத்தபோது சனத்தோடு சனமாக வெளியே வந்தோம். சோதனைச் சாவடி நெரிசலில் அந்தக் குடும்பத்தைத் தவறவிட்டோம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வலயம் வலயமாக விசாரித்தேன். கிடைக்கவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றுவரை கேட்கவில்லை.

ஆகவே உங்கள் தம்பியை நான் தூரத்தில் நின்று பார்க்கவில்லை. அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

இனி அவர் சொன்னவற்றில் மிகக் கொடியதை எடுக்கிறேன். அண்ணாவின் சாவு விக்கிரக வணக்கத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார் அல்லவா? இதே கேள்வி இயேசுவிடமே வந்தது. லூக்கா 13ஆம் அதிகாரம். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரை ரோம ஆளுநன் பிலாத்து கொன்றுபோட்டான் என்ற செய்தியைச் சிலர் கொண்டுவருகிறார்கள். அரச படையால் நடந்த கொலை, அதுவும் வழிபாட்டு வேளையில். அப்படிச் செத்ததால் அவர்கள் மற்றக் கலிலேயரை விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். பிறகு தானாகவே இன்னொரு சம்பவத்தையும் எடுக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, எருசலேமில் குடியிருந்த எல்லாரிலும் அவர்கள்தான் குற்றவாளிகளா? இரண்டு முறையும் அவருடைய விடை "அப்படியல்ல". அடுத்து, கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்க வந்தவர்களிடம் அவரவர் சொந்தக் கணக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும், யோவான் 9இல், இரண்டும் இல்லை என்றார்.

வன்னியில் செல் ஆலயத்தைத் தவிர்த்து விழுந்ததா? 1999 நவம்பரில் மடு ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். எந்த விக்கிரகத்துக்காக? 2007 செப்ரெம்பரில் அருட்தந்தை பாக்கியரஞ்சித் இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணப் பொருட்கள் கொண்டுபோகும் வழியில் கிளைமோர் வெடித்து இறந்தார். அடுத்த ஏப்ரலில் அருட்தந்தை கருணாரத்தினமும் அதே வகையில் இறந்தார். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கணக்குக் கேட்டார். அந்த எண்ணிக்கையில் யார் சைவம், யார் வேதம் என்று அவர் பிரிக்கவில்லை. உங்கள் அண்ணாவும் அதற்குள் இருக்கிறார். ஒரு ஆயர் தன் ஆட்டுக்குட்டியாக எண்ணிக் கணக்குக் கேட்ட பிள்ளையை, கூடப் பிறந்த தம்பி தண்டனைக் கைதியாக்கிவிட்டார். இந்த ஒரு சொல்லுக்காக அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றவை எல்லாம் பேசித் தீர்க்கலாம். இது மன்னிப்புக்கு உரியது.

அடுத்தது சாப்பாடு.

இயேசுவின் மேல் பரிசேயர், அதாவது வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதர்கள், வைத்த பெரிய முறைப்பாடுகளில் ஒன்று அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதுதான். "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்று முறுமுறுத்தார்கள். அந்த முறுமுறுப்புக்கு விடையாகத்தான் லூக்கா 15இல் கெட்ட குமாரன் கதை வருகிறது. நாங்கள் அதை, சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வந்த இளைய மகனின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். உங்கள் தம்பியின் சாட்சியும் அப்படித்தான் இருக்கும்: குடித்து அழிந்தேன், திரும்பி வந்தேன். நல்லது. ஆனால் அந்தக் கதையில் மூத்த மகன் ஒருவன் இருக்கிறான். ஒழுங்கானவன், கட்டளை மீறாதவன். வீட்டில் விருந்து நடக்கிறது, அவன் உள்ளே போக மனமில்லாமல் வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். உங்கள் தம்பி இளைய மகனாகத் திரும்பி வந்தவர்தான். மூன்று வருடத்துக்குள் மூத்த மகனாகிப் படலையடியில் நிற்கிறார். அன்றைய பரிசேயரை நோக்கிச் சொல்லப்பட்ட கதை அது. மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லவில்லை.

படைத்த உணவைப் பற்றி வேதத்தில் ஒன்றுமே இல்லையா என்று அவர் கேட்பார். இருக்கிறது. நான் மறைக்கக் கூடாது. கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கோயிலில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கு வரும், உறவினர் வீட்டு விருந்துக்கும் வரும். ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் முதலாம் கொரிந்தியரில் மூன்று அதிகாரங்கள் இதற்கென்றே எழுதினார். தொடக்கத்திலேயே அவர் போட்ட அத்திவாரம் இது: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்." பிறகு 10ஆம் அதிகாரத்தில், அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போ, முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடு என்கிறார். இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக அதைச் சாப்பிடாதே என்கிறார்.

ஆகவே திவசத்தில் படைத்த சோற்றை உண்ணாமலிருக்க உங்கள் தம்பிக்குப் பவுலிடம் இடம் உண்டு. அதை நீங்கள் மதிக்க வேண்டும். ஆனால் அம்மா விடியற்காலையில் அவித்த புட்டையும் இடித்த சம்பலையும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வரியும் இல்லை. அந்தப் புட்டு எந்தச் சாமிக்கும் படைத்ததில்லை. அது அவருக்காக அவித்தது. விசாரியாமல் சாப்பிடு என்று பவுல் எழுதிய கட்டளை அந்தப் புட்டுக்குத்தான் பொருந்தும். உண்ணாமல் விடவேண்டியதைக் கூட எப்படி விடுவது என்பது ஒன்று இருக்கிறது. "அம்மா, நீங்கள் கோபிக்கக் கூடாது, படைத்ததை மட்டும் எனக்குப் போடாதேயுங்கள்" என்று அடுப்படியில் உட்கார்ந்து சொல்பவனும், படலையடியில் நின்று முகம் சுளிப்பவனும் ஒரே வசனத்தைக் கைக்கொள்பவர்கள் இல்லை.

தசமபாகக் கதை எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. மாற்கு 7ஆம் அதிகாரத்தைத் தம்பி தானே வாசிக்கட்டும். பெற்றோருக்குச் சேர வேண்டிய பணத்தை "கொர்பான்", அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பெற்றோரைப் பார்க்கத் தேவையில்லை என்று அக்காலத்தில் ஒரு வழி இருந்தது. உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு சொன்னது இந்த வழக்கத்தைப் பார்த்துத்தான். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் இன்னும் கடுமை. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், "அவிசுவாசியிலும் கெட்டவன்". இதை ஒரு சைவர் சொன்னால் தாக்குதல் என்பார்கள். எழுதியிருப்பது அவர் ஒவ்வொரு ஞாயிறும் கையில் தூக்கிப் போகும் புத்தகத்தில். குளிசைக்குப் பணம் கொடுத்த பிறகு தசமபாகம் கொடுக்கட்டும். அவருடைய போதகர் நல்லவராயின் இதையே சொல்வார்.

அவர் உங்களுக்குத் திருப்பிச் சொல்லப்போகும் வசனம் எனக்குத் தெரியும். தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்க மாட்டான் என்ற லூக்கா 14:26. அதை அப்படியே எடுத்து வீசுபவர்கள் மத்தேயு 10:37ஐப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அங்கே அதே போதனை, தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் என்று வருகிறது. எபிரெய வழக்கில் ஒன்றைக் குறைவாக நேசிப்பதை வெறுப்பது என்றே சொல்வார்கள். யாக்கோபின் மனைவி லேயாள் வெறுக்கப்பட்டாள் என்று ஆதியாகமத்தின் எபிரெய மூலம் சொல்வதும் இந்தப் பொருளில்தான். அந்த வசனத்தைச் சொன்னவர் சிலுவையில் தொங்கிக்கொண்டு, உயிர் போகும் நேரத்தில், தன் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார். அந்தச் சீஷன் அவரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டான் என்று யோவான் எழுதுகிறார். வெறுப்பவன் செய்கிற வேலையா அது?

திவசத்துக்கு வருவதைப் பற்றி. இதற்கு நான் எப்போதும் காட்டுவது நாகமான் கதை. இரண்டாம் இராஜாக்கள் 5. சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி, எலிசா தீர்க்கதரிசியின் சொற்படி யோர்தானில் ஏழு தரம் முழுகிக் குணமானவன். இனி இஸ்ரவேலின் கடவுளைத் தவிர வேறு யாரையும் வணங்கமாட்டேன் என்று உறுதி எடுக்கிறான். இரண்டு கோவேறு கழுதை சுமக்கத்தக்க மண்ணையும் கேட்டு வாங்குகிறான். (மடுவுக்குப் போன எங்கள் சனம் பாம்புக் கடிக்கு நல்லது என்று ஒரு பிடி மண் கட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாகமான் நினைவு வரும்.) மண்ணைக் கேட்ட கையோடு ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். என் அரசர் ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொண்டு பணிவார். நானும் அவரோடு குனிய வேண்டி வரும். அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா யார் தெரியுமா? பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளோடு மோதிய எலியாவின் சீஷன். விக்கிரகத்தோடு விட்டுக்கொடுக்காத பரம்பரை. அவர் சொன்னது: "சமாதானத்தோடே போ."

அரசன் சாய்வதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையை இழுத்துக்கொள் என்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கும் திவசத்தன்று சாய்வதற்கு ஒரு கை வேண்டும். மகன் மந்திரம் சொல்ல வேண்டாம், எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டாம். அவர் அங்கே நிற்க வேண்டும்.

சபையில் அவர் அந்நியபாஷையில், அதாவது ஆவியில் நிறைந்து தான் அறியாத மொழியில், பேசுகிறவராகக் கூட இருக்கலாம். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை, அதுவும் வேதத்தில் உள்ள வரம்தான். ஆனால் நாங்கள் கலியாண வீடுகளில் வாசிக்கும் "அன்பு" அதிகாரம், முதலாம் கொரிந்தியர் 13, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 12ஆம் அதிகாரம் வரங்களைப் பற்றியது. 14ஆம் அதிகாரம் அந்நியபாஷையைப் பற்றியது. நடுவில் இது. எங்கள் சபையில் வரம் அதிகம் என்று ஒருவரோடு ஒருவர் போட்டி போட்ட கூட்டத்துக்கு எழுதிய கண்டிப்பு அது. தூதர் பாஷை பேசினாலும் அன்பில்லாவிட்டால் ஓசையிடுகிற கைத்தாளம் என்கிறார். அடுத்த வசனங்களில் இன்னும் போகிறார். மலைகளைப் பெயர்க்கத்தக்க விசுவாசம் இருந்தாலும் நான் ஒன்றுமில்லை. எனக்குண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் பிரயோஜனம் ஒன்றுமில்லை. "அன்னதானம்" என்ற எங்கள் சொல்லையே பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே வைத்தார்கள். கோயில் வீதியில் பந்தி வைத்துப் போடும் சோற்றுக்கு நாங்கள் சொல்லும் அதே சொல். எனக்கு அந்த வரி மிகப் பிடிக்கும்.

பரிசேயன் என்று யாரையும் எளிதில் திட்டிவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அவர்கள் வில்லன்கள் அல்லர். வேதத்தைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்கள். உனக்கு வெறுப்பானதை மற்றவனுக்குச் செய்யாதே, முழு வேதமும் அதுதான் என்று சொன்ன ஹில்லேல் அவர்கள் மரபில் வந்தவர். லூக்கா 18இல் வரும் பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான். எல்லாம் உண்மை. கடவுளோடு பேசத் தொடங்கியவனுக்கு, பக்கத்தில் நின்ற ஆயக்காரன், வரி வசூலிப்பவன், கண்ணில் பட்டுவிட்டான். "இந்த ஆயக்காரனைப் போல" என்ற சொல் ஜெபத்துக்குள் நுழைந்தது. அங்கேயே அது கெட்டது. இந்த நோய் கிறிஸ்தவத்துக்குள்ளும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆதிச் சபையின் கைநூல் ஒன்று, மாயக்காரர் திங்களிலும் வியாழனிலும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனிலும் வெள்ளியிலும் உபவாசியுங்கள் என்கிறது. நாள் மாறினால் நோய் மாறுமா? எங்கள் பழைய திருச்சபைகளிலும் சாதி பார்த்து வாங்கில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். புதிய சபைகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தச் சபையைப் பற்றி உங்களிடமும் ஒரு சொல். மீள்குடியேறிய முதல் வருடங்களை நினைத்துப் பாருங்கள். தறப்பாள் கொட்டிலில் புருஷனை இழந்த பெண்கள் தனியே கிடந்தபோது, நாங்கள் எத்தனை பேர் போய் உட்கார்ந்தோம்? சின்னச் சபைக்காரர்கள் சைக்கிளில் போனார்கள். பெயர் சொல்லி ஜெபித்தார்கள். கசிப்பில் கிடந்த பொடியன்களைக் கைபிடித்துத் தூக்கினார்கள். உங்கள் தம்பியைக் குடியிலிருந்து மீட்டது வசன அறிவு என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் நாற்றத்தோடு இருந்த அவரைப் பக்கத்தில் உட்காரவிட்டிருக்கிறார். அவரை அப்போது யாரும் படலையடியில் நிறுத்தவில்லை. இதை அவருக்கு நினைவூட்டுங்கள், குத்திக்காட்டாமல்.

இன்னொருவரையும் நினைவூட்டலாம், அவர் கத்தோலிக்கர் என்பதற்காகத் தம்பி ஒதுக்காவிட்டால். ஒல்லாந்தர் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து பிச்சைக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகள். கண்டிக்குப் போனபோது உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவிச் சனம் ஊரைவிட்டு ஓடியது. கைவிடப்பட்ட நோயாளிகளை அவர் தேடித் தேடிக் கழுவினார், கஞ்சி கொடுத்தார், செத்தவர்களைப் புதைத்தார். அவர்களில் பெரும்பாலோர் பௌத்தர். பௌத்த அரசன் விமலதர்மசூரியன் அவர் தன் நாட்டில் தடையின்றிப் பணிசெய்ய விட்டான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலையில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். மடுவில் அன்று நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். காணாமல் போன மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். ஆச்சியிடம் செய்யாமல் போனதை வேறு யாரிடம் போய்ச் செய்வது?

இனி என்ன செய்யலாம்? தம்பியோடு வசனப் போர் வேண்டாம். நான் எழுதியவற்றில் மூன்றை மட்டும் அவரிடம் கொடுங்கள்: மாற்கு 7, லூக்கா 13, நாகமான். அவரே தனியாக வாசிக்கட்டும். அண்ணாவைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் மன்னிப்பைக் கேட்டு வாங்குங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் பெரியவர்கள் யாரேனும் கோபத்தில் அந்தப் போதகரை அடிக்கவோ சபைக் கூட்டத்தைக் குழப்பவோ போனால் தடுங்கள். அப்படி நடந்தால் உங்கள் தம்பி தன்னைச் சாட்சிக்காகத் துன்பப்படுகிறவனாக எண்ணிக்கொள்வார். பிறகு அவரைப் படலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவர உங்களால் முடியாது.

சாமியறைக் கதவை அம்மா திறந்தே வைக்கட்டும். விளக்கும் எரியட்டும். அவர் தன் வீட்டில் ஒளிக்க வேண்டிய ஒன்றும் இல்லை. மகன் முற்றத்துக் கதிரையில் உட்காரலாம், அங்கிருந்து சாமியறை தெரிந்தால் தெரியட்டும்.

அடுத்த திவசத்துக்கு அவரை அழைக்கும்போது வேலை சொல்லி அழையுங்கள். மேசன் அல்லவா, பந்தல் கால் நட, கதிரை அடுக்க, தண்ணீர் அள்ள அவரை விட யார் இருக்கிறார்கள்? ஐயர் கிரியை செய்யும் நேரத்தில் அவர் முற்றத்தில் நிற்கட்டும், யாரும் அவரை உள்ளே இழுக்க வேண்டாம். அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். படையலுக்குச் சமைக்கும் அடுப்பில் இல்லாமல், வேறொரு அடுப்பில், சின்னச் சட்டியில் கொஞ்சம் சோறும் ஒரு பருப்புக் கறியும் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதை எங்கும் படைக்காமல் மூடி வைத்து, வேலை முடிந்து அவர் கை கழுவ வரும்போது, இது உனக்கென்று சமைத்தது என்று சொல்லிப் போடட்டும்.